பேட்ச்சைக் கழற்றிய பிறகு: தலையில் புள்ளி வைக்கும் எஸ்எம்பி பற்றி ஓர் எளிய விளக்கம்

"ஊசி போட்டு முடி முளைக்க வைக்கிறாங்களாமே, உங்க அண்ணன் அதைத்தானே பண்ணிக்கிட்டார்?" போன ஒரு வருடத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர்கள் பத்துப் பேருக்குக் குறையாது. சிலர் அதை முடி நடுவது என்று நினைக்கிறார்கள். சிலர் தலைக்குச் சாயம் பூசுவது, நாலு தடவை குளித்தால் போய்விடும் என்கிறார்கள். இன்னும் சிலருக்கு அது ஏதோ புது மாதிரி விக். எல்லாமே தவறு. இப்படித் தவறாகப் புரிந்துகொண்டு முன்பணம் கட்டிவிட்டு, "அப்போ முடி எப்ப சார் வளரும்?" என்று கேட்ட ஒரு பையனை கிளினிக்கின் வரவேற்பறையிலேயே பார்த்தேன். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. அண்ணனோடு ஒவ்வொரு முறையும் கூடவே போய்வந்தவன் என்பதால், இதை முதலிலிருந்து எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அண்ணன் ஒன்பது வருடம் பேட்ச், அதாவது சொட்டையை மூட ஒட்டிக்கொள்ளும் முடி, வைத்திருந்தார். எஸ்எம்பி செய்துகொண்டு ஒன்றரை வருடம் ஆகிறது. எஸ்எம்பி என்பது ஸ்கால்ப் மைக்ரோபிக்மென்டேஷன் என்பதன் சுருக்கம்: மெல்லிய ஊசியால் மண்டைத் தோலில், ஒட்ட வெட்டிய முடியின் நுனி அளவுக்கு, சின்னச் சின்ன நிறப் புள்ளிகள் வைப்பது. இதனால் ஒரு முடிகூடப் புதிதாக முளைக்காது. இதை முதலிலேயே மனதில் வாங்கிக்கொண்டால் மீதி எல்லாம் எளிது.

முடி எங்கே போகிறது?

ஆண்களுக்கு வரும் வழுக்கையில் பெரும்பகுதி பரம்பரை வழுக்கை. டெஸ்டோஸ்டிரோனிலிருந்து நம் உடலே டிஎச்டி என்ற ஹார்மோனைத் தயாரிக்கிறது. அந்த ஹார்மோனைத் தாங்க முடியாத மயிர்க்கால்கள், அதாவது தோலுக்குள் முடி முளைக்கும் சின்னக் குழிகள், ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் சுருங்குகின்றன. தடித்த முடி வந்த இடத்தில் மெல்லிய முடி, பிறகு பூனை ரோமம், பிறகு அதுவும் இல்லை. ஊற்று தூர்ந்துபோகிற கிணறு மாதிரி.

இதில் நமக்கு வேண்டியது இரண்டே செய்திதான். ஒன்று, நெற்றியும் உச்சந்தலையும் போனாலும் காதோரமும் பிடரியும் பெரும்பாலும் தங்கிவிடும். லாட வடிவில் மிஞ்சுகிறதே, அது. இரண்டு, உதிர்வது ஒரு வருடத்தோடு நிற்கிற காரியம் இல்லை. மினாக்ஸிடில், ஃபினாஸ்டெரைடு போன்ற மருந்துகள் அந்த உதிர்தலோடு போராடுபவை. முடி நடுவது, பிடரியில் இருக்கிற மயிர்க்கால்களை எடுத்து முன்னால் பதிப்பது. எஸ்எம்பி இந்த இரண்டு வேலையையும் செய்வதில்லை. அது மயிர்க்காலைத் தொடுவதே இல்லை.

பேட்ச் எப்படி நிற்கிறது?

தலை முழுக்கக் கவிழ்ப்பது விக். சொட்டை விழுந்த இடத்தை மட்டும் மூடுவது பேட்ச். பேட்ச்சுக்கு அடியில் வலை மாதிரியோ மெல்லிய பாலியூரித்தேன் தாள் மாதிரியோ ஒரு தளம் இருக்கும். முடியை அதில் முடிச்சுப் போட்டோ செருகியோ கோத்திருப்பார்கள். தலையோடு அது நிற்பதற்கு மூன்று வழி: இருபுறமும் ஒட்டும் டேப், திரவப் பசை, அல்லது மிஞ்சியிருக்கும் சொந்த முடியைக் கவ்வும் கிளிப்.

அந்த முடி எங்கிருந்து வருகிறது தெரியுமா? உலகச் சந்தையில் நல்ல விலை போகும் மனித முடியில் கணிசமான பங்கு நம் கோயில்களில் இறக்கியது. திருமலையில் காணிக்கையாக விழும் முடியைத் தேவஸ்தானம் தரம் பிரித்து ஏலம் விடுகிறது. பழனியிலும் அப்படித்தான். அண்ணன் ஒன்பது வருடம் ஒட்டிக்கொண்டு திரிந்த முடியும் யாரோ ஒரு பெண் நேர்ந்துகொண்டு இறக்கியதாக இருக்கலாம். அதை நினைத்தால் எனக்குப் பேட்ச்சைப் பற்றிக் குறைவாகப் பேச மனம் வருவதில்லை. 29 வயதில் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது அவர் தலை நிமிர்ந்து நடக்க அதுதான் உதவியது.

ஆனால் அதன் உழைப்பு வெளியே தெரியாது. டேப்போ பசையோ சில வாரங்களுக்கு மேல் பிடிக்காது. கழற்றி, கரைப்பானால் பசையைத் துடைத்து, தலையைக் கழுவி, உலர்த்தி, மறுபடி ஒட்ட வேண்டும். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கதவைச் சாத்திக்கொண்டு அந்த வேலையைச் செய்வார். வீடு முழுக்க ஆரஞ்சுத் தோல் வாசனை அடிக்கும், அந்தக் கரைப்பானின் வாசனை. அப்புறம் வெயில். மே மாதம் திருச்சியில் மத்தியானம் பஸ் ஏறினால் யாராயிருந்தாலும் கைக்குட்டையால் நெற்றியைத் துடைப்பார்கள். அண்ணன் துடைக்க மாட்டார். கைக்குட்டையை நாலாக மடித்து, நெற்றிக்கு மேலே அந்த ஓரத்தை மட்டும் ஒற்றி ஒற்றி எடுப்பார். ஓரம் கிளம்பிவிடுமோ என்று சுட்டுவிரல் தானாகப் போய் ஒரு முறை அழுத்திப் பார்க்கும். ஒன்பது வருடம் அந்த விரலைப் பார்த்திருக்கிறேன்.

தோலுக்கும் சிரமம் உண்டு. பசைக்கு ஒவ்வாமை வந்து தடித்துச் சிவக்கலாம். வியர்வை அடியில் தேங்கி மயிர்க்கால்களில் சின்னச் சின்னக் கொப்புளம் வரலாம். கிளிப் ஒரே இடத்தில் இழுத்துக்கொண்டே இருந்தால் அங்கே இருக்கும் சொந்த முடியும் போய்விடும். பேட்ச்சுக்கும் ஆயுசு உண்டு. மெல்லிய தளம் சில மாதம், தடித்தது ஒரு வருடத்தை ஒட்டி. பிறகு புதிது வாங்க வேண்டும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பேட்ச் என்பது பெரும்பாலும் வேறொருவரின் உண்மையான முடி. நீளமும் வகிடும் தரும், ஆனால் தினமும் காக்க வேண்டும். எஸ்எம்பி முடியே தராது. அப்படியானால் அது என்னதான் தருகிறது?

மொட்டை போட்ட மூன்றாம் நாள்

பழனியில் மொட்டை போட்டு வந்த ஒருவரின் தலையை நினைத்துப் பாருங்கள். முதல் நாள் சந்தனம் பூசிப் பளபளவென்று இருக்கும். மூன்றாம் நாள்? முடி என்று சொல்ல முடியாது, ஆனால் தலை முழுக்க ஒரு கரும்பசுமை படர்ந்திருக்கும். நெற்றியில் முடி எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்ட மாதிரி தெரியும். அவரைப் பார்த்து யாரும் சொட்டை என்று சொல்வதில்லை. "எந்தக் கோயில்?" என்றுதான் கேட்பார்கள்.

எஸ்எம்பி தருவது அந்த மூன்றாம் நாள் தலையை. அவ்வளவுதான்.

அது எப்படிச் சாத்தியமாகிறது என்பதற்குச் செய்தித்தாளே சாட்சி. பேப்பரில் வந்திருக்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கண்ணுக்கு ஒட்டி வைத்துப் பாருங்கள். முகமே தெரியாது, வெறும் கறுப்புப் புள்ளிகள். கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தால் கன்னமும் நிழலும் வந்துவிடும். புள்ளிகள் தனித்தனியாகத் தெரியாத தூரத்துக்குப் போனதும், கண் அவற்றைக் கலந்து சாம்பல் நிறமாக வாசிக்கிறது. ஒட்டச் சிரைத்த தலையும் அப்படித்தான். ஒரு முடியின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். முழுத் தலையில் சுமார் ஒரு லட்சம் முடி. அவற்றின் வெட்டு முனைகள் சேர்ந்துதான் அந்த நிழல்.

எஸ்எம்பி செய்பவர் இந்தப் புள்ளிகளை ஊசியால் ஒவ்வொன்றாக வைக்கிறார். கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல வரிசை பிடித்து வைத்தால் வேலை கெட்டது. இயற்கையில் எந்தத் தலையிலும் முடி வரிசையில் முளைப்பதில்லை. ஒன்று நெருங்கி, ஒன்று விலகி, ஒன்று கருத்து, ஒன்று வெளுத்து இருக்க வேண்டும். நெற்றி ஓரத்தில் இன்னும் கவனம். அங்கே கோடு இழுத்த மாதிரி நேராக முடிந்தால் பார்த்தவுடன் பொய் தெரிந்துவிடும். முதலில் சில தளர்ந்த புள்ளிகள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கம். அண்ணனுக்கு நெற்றியை இன்னும் கீழே இறக்க ஆசை. "நாற்பது வயசுக்காரருக்கு இருபது வயசு நெற்றி வெச்சா ஐம்பதுல என்ன சார் பண்ணுவீங்க?" என்று அந்தத் தொழில்நுட்பர் மறுத்துவிட்டார். அவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது அந்தக் கணத்தில்தான்.

புள்ளி எந்த ஆழத்தில் உட்காருகிறது?

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். நமக்குத் தெரிந்த இரண்டு விஷயங்களை வைத்துப் பார்ப்போம்: மருதாணி, பச்சை குத்துவது.

தோலில் மேலே இருப்பது மேல்தோல். அதன் செல்கள் அடியில் பிறந்து மேலே ஏறி, ஏறக்குறைய ஒரு மாதத்தில் உதிர்ந்துவிடும். மருதாணி அந்த மேல்தோலின் உச்சியில் இருக்கும் செத்த படலத்தைத்தான் சிவக்க வைக்கிறது. படலம் உதிர உதிர நிறமும் போகிறது. மேல்தோலுக்குக் கீழே இருப்பது உள்தோல். அது அப்படி உதிர்வதில்லை. பச்சை குத்தினால் மை அங்கே போய்த் தங்குகிறது. அதனால்தான் பாட்டியின் கையில் 15 வயதில் குத்திய தேள் 80 வயதிலும் இருக்கிறது.

உள்தோலில் மை தங்குவதற்கு ஒரு சுவையான காரணம் உண்டு. உடம்புக்குள் அந்நியப் பொருள் வந்தால் அதை விழுங்குவதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. மேக்ரோபேஜ் என்று பெயர், விழுங்கும் செல் என்று வைத்துக்கொள்ளலாம். அவை மைத்துகளை விழுங்கிவிடுகின்றன, ஆனால் செரிக்க முடிவதில்லை. வாயில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடுகின்றன. அந்தச் செல் செத்தால் துகள் வெளியே வரும், பக்கத்தில் இருக்கும் புதுச் செல் அதை மறுபடி விழுங்கும். 2018இல் பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் எலிகளில் இதைக் காட்டினார்கள். நிறம் ஒரே இடத்தில் நிற்பது, கைமாறிக் கைமாறிக் காக்கப்படுவதால்.

எஸ்எம்பியும் இதே தத்துவம்தான், ஊசியும் பச்சை குத்தும் இயந்திரத்தின் பங்காளிதான். (அந்த இயந்திரத்தின் மூதாதை, எடிசன் நகல் எடுப்பதற்காகச் செய்த மின்பேனா. 1891இல் நியூயார்க்கில் சாமுவேல் ஓ'ரெய்லி அதைத் தழுவிப் பச்சை குத்தும் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார்.) வித்தியாசம் ஆழத்தில். பச்சை குத்தும் ஊசி உள்தோலுக்குள் நன்றாக இறங்கும். எஸ்எம்பி ஊசி உள்தோலின் மேல் விளிம்பைத் தொட்டுவிட்டு நின்றுவிட வேண்டும், பெரும்பாலும் அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்குள். மையும் வெகுவாக நீர்த்தது.

ஏன் இவ்வளவு கறார்? மறுபடி பாட்டியின் கையைப் பாருங்கள். குத்தியது கரி. கரி கறுப்பு. ஆனால் நாம் அதைக் 'கறுப்பு குத்துவது' என்றா சொல்கிறோம்? ஆழத்தில் இருக்கும் கறுப்பை தோலின் ஊடாகப் பார்க்கும்போது, தோல் நீல ஒளியை அதிகமாகச் சிதறடித்துத் திருப்பி அனுப்புவதால், அது நீலமாகவோ பச்சையாகவோ தெரிகிறது. அந்தத் தொழிலுக்கு நம் ஆட்கள் வைத்த பெயரிலேயே இயற்பியல் இருக்கிறது. இன்னொன்று, அந்தத் தேளின் கால்கள் இன்று கூர்மையாக இல்லை, ஊறிப் பரந்திருக்கும். தலையில் ஊசி ஆழமாக இறங்கினால் இதே இரண்டும் நடக்கும்: புள்ளி நீலம் பாயும், பரந்து பக்கத்துப் புள்ளியோடு ஒட்டும். தலை நிழலாகத் தெரியாமல் நீலத் தொப்பி போட்ட மாதிரி தெரியும். எஸ்எம்பியின் மோசமான விளைவுகள் என்று படங்களில் பார்ப்பவற்றில் பலவும் இந்தத் தவறால் வந்தவைதான். ஆழம் போதாவிட்டால் மருதாணி மாதிரி சில வாரத்தில் மறைந்துவிடும், அது சரிசெய்யக்கூடியது.

சுருக்கமாக: மருதாணி மேலே, பச்சை ஆழத்தில், எஸ்எம்பி உள்தோலின் வாசலில். வாசலில் இருப்பதாலேயே அது சாசுவதம் இல்லை. சில வருடங்களில், வெயிலைப் பொறுத்து, வெளுக்கும். மூன்று முதல் ஆறு வருடத்துக்குள் ஒரு முறை மேலே தொட்டுக்கொள்வது வழக்கம்.

பேட்ச்சிலிருந்து மாறும் அந்த வாரங்கள்

ஏற்கெனவே மொட்டையாகத் திரிகிறவருக்கு எஸ்எம்பி ஒரு சின்ன மாற்றம். பேட்ச் வைத்தவருக்கு அப்படியில்லை. ஊருக்கு அவர் வகிடெடுத்து வாரிய ஆள். இந்தப் பகுதியைத்தான் யாரும் சரியாகச் சொல்வதில்லை.

முதலில் பேட்ச் போக வேண்டும், போய்த் தோல் ஆற வேண்டும். பசையின் மிச்சம், தடிப்பு, கொப்புளம் இருக்கிற தோலில் ஊசி வைக்கக் கூடாது. தோல் மருத்துவர் ஒரு முறை பார்ப்பது அவசியம். இரண்டாவது, நிறம். ஒன்பது வருடம் மூடிக்கிடந்த உச்சந்தலை வெளுத்தும், நெற்றிக்குக் கீழே வெயில் பட்டுக் கறுத்தும் இருந்தது. எந்த நிற மை என்று தீர்மானிக்க இரண்டும் ஓரளவு ஒத்துவர வேண்டும். அண்ணன் ஐந்து வாரம் காத்திருந்தார்.

அந்த ஐந்து வாரத்தைத் தாண்டுவதற்கு அம்மாதான் வழி சொன்னார். "உனக்குப் பழனியில முடி இறக்குறதா சின்ன வயசுல நேர்ந்தது பாக்கி இருக்குடா." போனோம். மிச்சமிருந்த லாடத்தையும் இறக்கினார். அலுவலகத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை, பிரசாதம்தான் கேட்டார்கள். மூன்றாம் நாள் காலையில் கண்ணாடி முன்னால் என்னைக் கூப்பிட்டார். "இங்க பாரு தம்பி." காதுக்கு மேலே கருத்து வந்திருந்தது. அதற்கு மேலே, வெட்டிவைத்த மாதிரி, வெறும் தோல். "இந்த நிறத்தை இங்கேருந்து இங்க வரைக்கும் இழுக்கணும், அவ்வளவுதானே?" என்று விரலால் கோடு போட்டுக் காட்டினார். எஸ்எம்பிக்கு அதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எங்கும் கேட்டதில்லை.

வேலை ஒரே நாளில் முடியாது. பொதுவாக இரண்டிலிருந்து நான்கு அமர்வு, ஒவ்வொன்றும் சில மணி நேரம், நடுவே ஒரு வாரத்திலிருந்து சில வாரம் வரை இடைவெளி. முதல் அமர்வில் வெளிர் நிறத்தில் விலக்கி வைப்பார்கள். முதல் சில நாள் அது பயமுறுத்தும் அளவுக்குக் கருப்பாகத் தெரியும், கொஞ்சம் சிவந்தும் இருக்கும். பொருக்கு உதிர்ந்ததும் திடீரென்று வெளுத்து, "காசு போச்சே" என்று தோன்றும். இரண்டுமே இயல்பு. அடுத்த அமர்வில்தான் நெருக்கம் கூடும். வலி? நெற்றிப் பக்கமும் காதோரமும் சுரீரென்று இருந்ததாகச் சொன்னார், உச்சியில் தூங்கியே விட்டார்.

அந்த நாட்களில் வியர்வை, நீச்சல், வெயில், சோப்பு, தேய்ப்பது எல்லாவற்றையும் கிளினிக் சொல்லும் நாள் வரை தள்ளிவைக்க வேண்டும். முக்கியமாக, "இடையில ஒரு கல்யாணம் இருக்கு, ஒரு நாள் பேட்ச் ஒட்டிக்கிறேன்" என்பது கூடவே கூடாது. ஆறாத தோலில் பசையும் கரைப்பானும் பட்டால் தோலும் புண்ணாகும், புள்ளியும் போகும். தளர்வான பருத்தித் தொப்பி போதும்.

அதன் பிறகு வாழ்நாள் பழக்கம் ஒன்று வருகிறது: ஓரத்து முடியை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை ஒட்ட எடுப்பது. பக்கங்களில் முடி நீண்டு, உச்சியில் வெறும் புள்ளி மட்டும் இருந்தால் இரண்டும் ஒட்டாது. நரைத்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம், வெள்ளை முளைகள் கரும்புள்ளிக்குப் பக்கத்தில் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். தலை பளபளத்தாலும் காட்டிக்கொடுக்கும், ஆகவே எண்ணெய்ப்பசை இல்லாத கிரீம், வெயிலுக்குச் சன்ஸ்கிரீன்.

யார் யோசிக்க வேண்டும்?

சின்னக் காயம்கூட மேடிட்டுத் தழும்பாகும் உடம்புக்காரர்கள், அதாவது கீலாய்டு வருகிறவர்கள், இதைத் தவிர்ப்பது நல்லது. சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு ஊசி பட்ட இடத்தில் புதிதாக அது கிளம்பலாம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் பேசாமல் தொடங்கக் கூடாது. புழுவெட்டு இருந்தால் அது இன்னும் பரவுகிறதா, முடி திரும்புமா என்று முதலில் பார்க்க வேண்டும். ஊசி ஒருவருக்கு ஒன்று, கண்ணெதிரே பிரிக்கப்பட வேண்டும். ஹெபடைடிஸ் பி, சி போன்ற மஞ்சள் காமாலைக் கிருமிகள் இந்த வழியில் பரவக்கூடியவை. அதனால்தான் பச்சை குத்தியவர்களிடம் நம் நாட்டில் ஒரு வருடம் ரத்தம் எடுப்பதில்லை, எஸ்எம்பிக்கும் அதே கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்.

வேண்டாம் என்று தோன்றினால் லேசரால் அழிக்கலாம், ஆனால் பல அமர்வு, தனிச் செலவு. எனவே புகைப்படங்களைக் கேட்டுப் பாருங்கள், அதிலும் முடித்த அன்றைக்கு எடுத்தவற்றை அல்ல. இரண்டு மூன்று வருடம் கழித்து, வெயிலில் எடுத்தவற்றை. நம்மைப் போன்ற மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் செய்த வேலையைக் கேளுங்கள். முடிந்தால் பழைய வாடிக்கையாளர் ஒருவரின் தலையை ஓர் அடி தூரத்தில் நேரில் பாருங்கள். நாங்கள் அப்படிப் பார்த்த பிறகுதான் முடிவெடுத்தோம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வியை உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்: இனி மேல் மொட்டையடித்த தலையோடு இருக்க எனக்குச் சம்மதமா? காற்றில் பறக்கும் முடியும் வகிடும்தான் வேண்டும் என்றால் பேட்ச்சிலேயே இருங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. பெண்களுக்கும், நடுவகிடு அகன்றவர்களுக்கும், முடி நட்ட தழும்பு பிடரியில் தெரிபவர்களுக்கும் முடியை வைத்துக்கொண்டே இடையில் நிழல் கொடுக்கும் வகை உண்டு. அது வேறு கணக்கு.

அண்ணன் இப்போது வாரம் மூன்று நாள் காலையில் கொல்லைப்புறத்தில் டிரிம்மரோடு நிற்கிறார். கதவு திறந்தே இருக்கிறது. "பின்னாடி எங்கயாவது விட்டுட்டேனா பாரு" என்று குனிந்து பிடரியைக் காட்டுவார். போன மே மாதம் அதே பஸ்ஸில் அதே மத்தியானம் சேர்ந்து போனோம். சத்திரம் பஸ் ஸ்டாண்டு தாண்டியதும் தோளில் கிடந்த துண்டை எடுத்து, நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும் அழுத்தி ஒரே இழுப்பாகத் துடைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்.